பெரட்டிலிருந்து படைக்களத்திற்கு



1964 செப்டம்பர் தொடக்கத்தில், நமது லாபிஸ் வட்டாரத்தில் இந்தோனேசியப் பாராசூட் வீரர்கள் வந்து இறங்கிய கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அவர்களைத் தேடிப் பிடித்ததில் முன்னின்ற கூர்க்கா, நியூசிலாந்துப் படையினர் போரையே தொழிலாகக் கொண்டவர்கள். ஆனால், அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பு, துப்பாக்கியைத் தொட்டே அறியாத நம் தோட்டப் பாட்டாளிகள் பலர் இந்த மலாயா மண்ணிலேயே படைவீரர் ஆனார்கள். இன்று அவர்களை நினைத்துப் பார்ப்போம்.

போர்க்கைதிகளான இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு 1942இல் இந்திய தேசிய இராணுவம் அமைந்தது. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், பொதுமக்களையும் அதில் சேர அழைத்தார். லயங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் புறப்பட்டனர். அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. டாக்டர் லட்சுமி அதன் தலைவி. கோலாலம்பூரைச் சேர்ந்த 18 வயது ஜானகி அதில் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்தார்.

அவர்கள் ஏன் சேர்ந்தார்கள்? காரணம் ஒன்றல்ல. அப்போது நடந்தது ஜப்பானியர் ஆட்சி. அரிசி கிடைக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதை வேலைக்குக் கொண்டு போகப்பட்டு மாண்டனர். அதற்குத் தப்பச் சேர்ந்தவர்களும் உண்டு. ஜப்பானியரோடு கூட்டுச் சேர்ந்த படை என்று குறை கூறுவோரும் உண்டு. இவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், காலைப் பெரட்டில் கூலிகளாய் நின்றவர்கள், அங்கே நாட்டு விடுதலைக்கு நிற்கும் வீரர்களாய்த் தலை நிமிர்ந்தார்கள். அந்த நிமிர்வு உண்மையானது.

1944இல் இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. மழையும் பசியும் மலேரியாவும் பலரைக் கொண்டுபோயின. 1945இல் பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது, பெண் வீரர்களும் குண்டு வீச்சுக்கு நடுவே பல நாள் நடந்தனர். அந்த ஆண்டு ஆகஸ்டில் போர் முடிந்தது, படையும் கலைந்தது. உயிரோடு மீண்டவர்களில் பலர் பழையபடி பால் வெட்டும் கத்தியை எடுத்தனர்.

என்றாலும், கற்ற கட்டுப்பாடு வீண்போகவில்லை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா தோட்டங்களில் கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்த தொண்டர் படையில் அந்தப் பயிற்சியின் சாயல் இருந்தது. ஜானகி 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் அமைக்கத் துணை நின்றார். பின்னாளில் மேலவை உறுப்பினரானார்.

தலைவர்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. பால் வெட்டப் போன தாத்தாவின் பெயர் எங்கே இருக்கிறது? அந்தத் தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால், அவர்கள் வாயால் கதை கேட்ட பிள்ளைகள் இன்று முதியவர்களாக நம் வீடுகளில் இருக்கிறார்கள். இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களிடம் கேட்போம். பெயர், தோட்டம், சேர்ந்த ஆண்டு, போன ஊர், திரும்பி வந்தாரா இல்லையா என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம். பழைய புகைப்படம் இருந்தால், பின்பக்கம் பெயரைக் குறிப்போம். பள்ளிக்கூடத்திற்கு ஒரு பிரதி கொடுப்போம்.

மாலை போட நமக்குச் சிலைகள் இல்லாமல் இருக்கலாம். பெயரையாவது காப்பாற்றுவோம்.