படப் புத்தகமும் பாலர் கணக்கும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆடலும் பாடலும் நிறைந்த இம்மேடையில் கணக்கைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். பார்சல் ஆபீசில் ரசீதும் பேரேடும் எழுதும் குமாஸ்தாவாகிய நாம், பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லோம். ஆகவே ஆசிரியர்களுக்குப் பாடம் சொல்லும் எண்ணம் நமக்கில்லை. வீட்டிலே பாயை விரித்து, தீப்பெட்டிகளையும் புளியங்கொட்டைகளையும் பரப்பிக்கொண்டு, பெற்றோர் செய்யக்கூடிய சிலவற்றை மட்டுமே சொல்ல விழைகிறோம்.

இடார்சியில் வளரும் நம் குழந்தைகளுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. வீட்டில் நாம் 'இருபத்தைந்து' என்கிறோம். பள்ளியில் 'பச்சீஸ்' என்கிறார்கள். தமிழ்ச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் இருபதும் ஐந்தும் தனித்தனியே காதில் விழுகின்றன. இந்தியிலோ நூறு வரையில் ஏறக்குறைய ஒவ்வோர் எண்ணின் பெயரையும் மனப்பாடம் செய்யவேண்டியிருக்கிறது. 79 'உன்யாசீ', 89 'நவாசீ'. பிஞ்சுக் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. இந்தியைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. அது நமக்குச் சோறு போடும் ஊரின் மொழி. தமிழிலும் தொண்ணூறு, தொள்ளாயிரம் என மயக்கும் பெயர்கள் உண்டு.

நாம் அஞ்சுவது வேறொன்று. பெயர் தெரிந்து அளவு தெரியாத எண், குழந்தைக்கு மந்திரம்போல் ஆகிவிடுகிறது. கணக்கைப் பற்றிய பயம் அங்கேதான் முளைக்கிறது. 'இரண்டு மொழியில் சொன்னால் குழம்புவான்' என்று எண்ணி, வீட்டிலும் தமிழ் எண்களைக் கைவிடுகிறோம். பயமும் போகவில்லை, மொழியும் தங்கவில்லை என்ற நிலை வந்துவிடக் கூடாதல்லவா?

இதற்கு ஓர் எளிய வழி படப் புத்தகம். படத்திலுள்ள மூன்று ஒட்டகச்சிவிங்கிகள் எந்த மொழியிலும் மூன்றுதாம். அளவைக் கண் பிடித்துக்கொண்டால், பெயரைத் தமிழிலும் சொல்லலாம், இந்தியிலும் சொல்லலாம்.

ரயில்வேக் குடும்பங்களாகிய நமக்கென்றே அமைந்தாற்போல ஒரு புத்தகம் உண்டு. எரிக் கார்ல் என்ற அமெரிக்க ஓவியர் 1968-இல் வெளியிட்ட '1, 2, 3 மிருகக்காட்சிசாலைக்கு' என்பது அது. கதை வாசகம் இல்லை, எண்களும் படங்களுமே. ஒரு ரயில் புறப்படுகிறது. முதல் பெட்டியில் ஒரு யானை, இரண்டாவதில் இரண்டு நீர்யானைகள், மூன்றாவதில் மூன்று ஒட்டகச்சிவிங்கிகள் என்று ஏறிக்கொண்டே போய், பத்தாவது பெட்டியில் பத்துப் பறவைகள்.

இந்த ரயிலை நாமே செய்யலாம். பத்துக் காலித் தீப்பெட்டிகளின் உள்தட்டுகளை நூலால் கோத்து, பெட்டிக்கு ஒன்று முதல் பத்து வரை புளியங்கொட்டைகளை ஏற்றச் சொல்லுங்கள். பிறகு ஷண்டிங் ஆரம்பிக்கட்டும்! ஐந்து கொட்டையுள்ள பெட்டியைக் கழற்றிக் கடைசியில் மாட்டினால் அது பத்தாவது பெட்டியாகிவிடும். ஆனால் உள்ளே இருப்பவை ஐந்துதாம். வரிசை வேறு, தொகை வேறு என்பதைக் குழந்தை கையாலேயே அறிந்துகொள்கிறது. குழந்தை கண்ணை மூடியிருக்கையில் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, 'எந்தப் பெட்டி காணோம்?' என்று கேளுங்கள். சற்று மூத்த பிள்ளையானால் முதல் பெட்டியையும் கடைசிப் பெட்டியையும் சேர்த்து எண்ணட்டும்: 11. இரண்டாவதும் ஒன்பதாவதும் சேர்ந்தாலும் 11. இப்படி ஐந்து ஜோடிகள். ஆக மொத்தம் 55. ஒரு தட்டைக் காலியாகவும் விடுங்கள். பூஜ்யம் என்பதும் ஓர் எண்தான் என்று அது சொல்லித்தரும்.

அதே ஓவியர் 1969-இல் ஒரு பசிகொண்ட கம்பளிப்புழுவின் கதையை வெளியிட்டார். திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய், புதனன்று மூன்று பிளம், வியாழனன்று நான்கு ஸ்ட்ராபெரி, வெள்ளியன்று ஐந்து ஆரஞ்சு என்று அப்புழு துளைத்துத் தின்கிறது. சனிக்கிழமை பத்துப் பண்டங்களைத் தின்று வயிற்றுவலியால் அவதிப்படுகிறது. கெட்டி அட்டையில் பழங்களை வரைந்து வெட்டி, நடுவில் துளையிட்டு, ஒரு பச்சை நூலைப் புழுவாக்கி ஒவ்வொன்றின் வழியாகவும் நுழைக்கச் செய்யுங்கள். கிழமையும் வரும், எண்ணும் வரும், விரலுக்குப் பழக்கமும் வரும்.

பின்பு அந்தப் பழங்களை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வரிசையாக அடுக்கினால் 15 பழங்களாலான முக்கோணம் கிடைக்கும். சனிக்கிழமையின் பத்துப் பண்டங்களையும் அதன் கீழே நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என அடுக்கிப் பாருங்கள். தாய்மார்கள் உடனே கண்டுகொள்வீர்கள். நம் இடுக்குப் புள்ளிக் கோலமல்லவா அது! நடுவில் ஐந்து, இருபுறமும் ஒன்றுவரை. மொத்தம் 25 புள்ளிகள். ஐயைந்து இருபத்தைந்து! நாள்தோறும் வாசலில் நம் பெண்கள் இடுவது எத்தகைய கணக்கு என்பதைக் குழந்தைகள் அறியட்டும்.

மற்றொன்று நமக்கு அண்டையிலேயே இருக்கிறது. 2022 முதல் நர்மதாபுரம் என்றழைக்கப்படும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-இல் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கிற்று. அதில் பங்கு கொண்டு, எளிய பொருள்களால் விளையாட்டுச் சாமான் செய்யும் கலையை நாடெங்கும் பரப்பியவர் அரவிந்த் குப்தா. 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். மருந்து நீக்கிய தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு ரப்பர்த் துண்டுகளால் இணைப்பது அவருடைய முறை. நான்கு குச்சிகளால் சதுரம் செய்து அழுத்தினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளாலான முக்கோணமோ உருக்குலையாது. எஃகுப் பாலங்களில் முக்கோணங்கள் ஏன் நிறைந்திருக்கின்றன என்பதற்கு இதுவே விடை.

இரண்டொரு வேண்டுகோள்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கொட்டை, பித்தான் முதலியவற்றைத் தனியே தராதீர்கள், வாயில் போட்டுக்கொள்வார்கள். விடை தவறினால் அதட்டாதீர்கள். 'எப்படி எண்ணினாய், காட்டு' என்று கேட்டாற் போதும். பெரும்பாலும் குழந்தையே திருத்திக்கொள்ளும். தமிழ்ப் படப் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. சென்னைத் தூலிகா நிறுவனத்தார் 1996 முதல் அவற்றை வெளியிட்டு வருகிறார்கள். பிரதம் புக்ஸ் நிறுவனத்தாரின் 'ஸ்டோரி வீவர்' தளத்தில் தமிழ்க் கதைகளை விலையின்றிக் கைபேசியிலேயே படிக்கலாம்.

நைட் டியூட்டியும் ஓவர்டைமும் நம்மை விடுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் நாளுக்குக் கால்மணி நேரம், ஒரு புத்தகம், ஒரு தீப்பெட்டி ரயில், தமிழிலே எண்ணும் ஒரு குரல். இவ்வளவே நாம் கேட்பது. பள்ளி எம்மொழியில் கணக்கைக் கற்பித்தாலும், நம் பிள்ளை அதை அஞ்சாமல் ஏற்கும். நம் மொழியிலும் அதற்கு எண்ணத் தெரிந்திருக்கும்.