பெட்டிக்குள்ளே தங்கிய மின்சாரம்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு மேச்சேரி. மேச்சேரி என்றால் ஆடும் பத்ரகாளியம்மனும் ஞாபகம் வரும். மேட்டூர் அணைக்குப் பக்கத்து ஊர் என்பதால் கரண்ட்டைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பும் உண்டு! அந்த நினைப்பில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் வந்தேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் பழைய வால்வு ரேடியோக்களை ரிப்பேர் பார்க்கிறேன். வால்வுக்கு இரண்டு விதமான சப்ளை வேண்டும். ஹீட்டருக்கு 6.3 வோல்ட், பிளேட்டுக்கு 250, 300 வோல்ட் டி.சி. இரண்டையும் மேசைமேல் தருகிற பெட்டி ஒன்று இருந்தால் எந்த செட்டையும் சோதிக்கலாம். போன வருஷம் நம் கல்லூரி மாணவர் ஒருவர் வந்து, தானும் ஒன்று செய்ய வேண்டும் என்றார். சேர்ந்து செய்தோம். 250-0-250 டிரான்ஸ்பார்மர், இரண்டு டயோடு, ஒரு சோக், 50 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இரண்டு. டயோடு 1என்4007 ஆகவே இருக்கட்டும். தலைகீழாக அதன்மேல் 700 வோல்ட்டுக்கு மேல் விழும், 400 வோல்ட் டயோடு தாங்காது. ஹீட்டருக்கு ஒரு சுவிட்ச், ஹை வோல்டேஜுக்குத் தனி சுவிட்ச். எல்லாம் முடிந்தபோது அவர் கேட்டார்: "ஏனுங்கய்யா, இந்தக் கடைசி ரெசிஸ்டர் சும்மா சூடாகிட்டே இருக்குதுங்களே, எடுத்துரலாமுங்களா?"

எனக்குக் கை நடுங்கிவிட்டது. 1974-ல் அதே கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டு, பதிலும் நானே சொல்லிக்கொண்டவன் நான்.

அந்த ரெசிஸ்டருக்குப் பிளீடர் என்று பெயர். ரேடியோவை அணைத்தால் வால்வு சூடு ஆறும் வரை கரண்ட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். கண்டென்சர் தானாகக் காலியாகிவிடும். ரேடியோ ரிப்பேரில் பழகிய கை அதை நம்பும். ஆனால் செட் எதையும் மாட்டாத சப்ளைப் பெட்டியில் இழுக்க யாரும் இல்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் 350 வோல்ட் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதை வெளியேற்றத்தான் பிளீடர். 100 மைக்ரோஃபாரட்டுக்கு 100 கிலோ ஓம் போட்டால், 50 வோல்ட்டுக்கு இறங்க ஏறக்குறைய 20 வினாடி ஆகும். அதில் வீணாவது ஒன்றேகால் வாட். அவ்வளவுதான்!

கடைசி வருஷம் நானும் தாரமங்கலத்து நண்பன் ஒருவனும் லேபுக்காக இதே மாதிரிப் பெட்டி செய்தோம். டிரான்ஸ்பார்மர் சேலத்துப் பழைய சாமான் கடையில் வாங்கியது. வால்வு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பு. பெட்டி மரப்பெட்டி. பிளீடர் சூட்டில் பலகை கறுக்கிறதே என்று ஒரு ராத்திரி அதை வெட்டி எடுத்துவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பொறுமையாகப் பெட்டியைத் திறந்து கையை வைத்தான். தூக்கி எறிந்தது. ஸ்டூலோடு விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. "பிளக்கைப் பிடுங்கிட்டேன் சார்" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். யாரும் நம்பவில்லை. கவனக்குறைவு என்று எழுதி, அந்தப் பருவம் முழுக்க அவனை லேபுக்குள் விடவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரியே பிளீடரைத் திரும்ப வைத்துவிட்டேன்.

மாணவர்களுக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். இப்போது வீட்டுக்கு வீடு ஆர்.சி.சி.பி. இருக்கிறதே, ஷாக் அடித்தால் அது அணைத்துவிடாதா என்று கேட்பீர்கள். அணைக்காது. டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் நடப்பது அதற்குத் தெரியவே தெரியாது. நியான் விளக்கு அணைந்துவிட்டது, இனிப் பயமில்லை என்றும் நம்பாதீர்கள். 50, 60 வோல்ட் இருக்கும்போதே அது அணைந்துவிடும். மீட்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் கை. பிளீடரும் ஒன்றாக வேண்டாம். 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் இரண்டைப் பக்கம் பக்கமாகப் போடுங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும்.

அந்த மாணவர் போன மறுநாளே தாரமங்கலம் போனேன். நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எனக்குத் தெரியும்டா. கட்டுப் பிரிச்சு வந்தப்ப பெட்டியைப் பார்த்தேன். எல்லா சால்டரும் மங்கிக் கிடந்துது, அந்த ரெண்டு இடம் மட்டும் பளபளன்னு இருந்துது" என்றான். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்" என்றான்.

உடம்பு சரியில்லாததால் இன்று அவனால் வர முடியவில்லை. இந்த மேடையில் இதைச் சொல்லச் சொன்னது அவன்தான். அன்று அவன் பிளக்கைப் பிடுங்கித்தான் இருந்தான்.