டிஜே மிக்ஸர் வாங்குமுன்
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



பொங்கல் விழாவுக்கு டிஜே மிக்ஸர் வாங்க நம் பிள்ளைகள் சங்கப் பணம் கேட்டிருக்கிறார்கள். வங்கியில் கணக்கு எழுதியவன் நான். கேட்ட வேலைக்குப் பொருள் உதவுமா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அவர்களுக்கு வேண்டியது ஸ்கிராட்ச். சுழலும் இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து ஓசை எழுப்பும் வித்தை. 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தது.

இதற்கு இரண்டு சேனல் போதும். உயிர்நாடி, குறுக்கே நகரும் கிராஸ்ஃபேடர். விரல் பட்டதும் வழுக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்ததுமே ஓசை முழுதாகத் திறக்க வேண்டும். அதைக் கூட்டிக் குறைக்கும் திருகும், திசை மாற்றும் சுவிட்சும் இருந்தால் நல்லது. முதலில் தேய்வதும் அதுதான். ஆகவே கழற்றி மாற்ற முடியுமா, உரசாத காந்த வகையா என்று கேளுங்கள். வாசிக்கப்போகும் பிள்ளையே கடையில் தொட்டுப் பார்க்கட்டும்.

மிக்ஸர் மட்டும் பாடாது. டர்ன்டேபிள் விலையையும் சேர்த்தே தீர்மானம் எழுதுவோம்.

திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். பரீட்சைக்குப் படிப்பவர்களும் வயதானவர்களும் இதே மாடிகளில்தான் இருக்கிறோம். ஒத்திகை ஹெட்போனில் நடக்கட்டும். இந்த நிபந்தனைக்குப் பிள்ளைகள் சம்மதித்தால், என் கை ஆதரவாக உயரும்.