புதிய கமராவும் பழைய கணினியும்

கடல் கடந்து வந்த கருவியொன்று ஓர் ஊருக்குள் நுழையும்போது, அதனுடன் வரவேண்டிய அறிவு சில வேளைகளில் பின்தங்கிவிடுகின்றது. கருவி விலைக்குக் கிடைக்கும். அறிவோ கேட்டும் பழகியும் பெறவேண்டியது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்திலே மனிதர் பணத்தை இழக்கின்றனர். பணத்தினும் அரியவற்றையும் இழக்கின்றனர். அக்‌ஷன் கமரா என்னும் சின்னஞ்சிறு கருவியும், அம்பாறைக் கரையோர வீடுகளிலே உள்ள பழைய கணினிகளும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

தலைக்கவசத்திலும், மார்பிலும், தோணியின் அணியத்திலும் பொருத்தக்கூடிய இக்கமரா கடலலையிலே பிறந்தது எனலாம். நிக் வுட்மன் என்னும் அமெரிக்க இளைஞர், 2002ஆம் ஆண்டு அவுஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் கரைகளில் அலைச்சறுக்கு விளையாடியபொழுது, கமராவை மணிக்கட்டிலே கட்டிக்கொள்ள வழி தேடினார். அத்தேடலின் பயனாக எழுந்ததே கோப்ரோ நிறுவனம். 2004இல் அது விற்ற முதற் கமரா 35 மில்லிமீற்றர் படச்சுருளில் இயங்கியது. 2014இல் வந்த ‘ஹீரோ 4 பிளாக்’ என்னும் மாதிரியோ, 4கே எனப்படும் நுண்தெளிவில் விநாடிக்கு 30 படங்களைப் பதிந்தது. 2017இல் வந்த ‘ஹீரோ 6’ விநாடிக்கு 60 படங்களைப் பதிந்தது.

கரையிலே பிறந்த கருவி, கரையோர மக்களுக்கு உகந்ததாக இருப்பதில் வியப்பில்லை. பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவிலே அலைச்சறுக்கு வீரர்கள் இதனைப் பலகையிற் பொருத்திச் செல்கின்றனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என நீளும் இக்கரையில், கரைவலை இழுப்பும், கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற விழாவும், கலியாண வீட்டுக் கலகலப்பும் இத்தகைய கருவிக்குப் பெருவிருந்தாகும்.

ஆனால் பதிந்ததைப் பார்க்க வேண்டுமே! வீட்டிலே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணினி ஒன்று இருக்கின்றது. மெமரி காட்டை அதிற் செருகுகின்றார்கள். முதற் படம் தோன்றுகின்றது. அலையோசை ஒழுங்காகக் கேட்கின்றது. படமோ ஓர் அடி நகர்ந்து நிற்கின்றது, மீண்டும் துள்ளுகின்றது, மீண்டும் நிற்கின்றது. சுற்றி நிற்பவருள் ஒருவர், “கணினி பழுது, புதிதாக வாங்கு” என்கின்றார். மற்றொருவர், “காட் பழுது, அழித்துவிட்டு மறுபடி எடு” என்கின்றார். பெரும்பாலான வேளைகளில் இரு தீர்ப்பும் தவறானவை. முதற் தீர்ப்பினால் வீண் கடன் நேரலாம். இரண்டாவதனால், மீண்டும் எடுக்க இயலாத பதிவே மறைந்துபோகலாம்.

அவ்வாறாயின் உண்மைக் காரணம் யாது? அதனை அறியச் சிறு கணக்கொன்று உதவும். 4கே படம் ஒன்றில் அகலத்திற்கு 3,840, உயரத்திற்கு 2,160 என 82,94,400 புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 30 படம் என்றால், ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 25 கோடிப் புள்ளிகளைத் திரையிற்கு ஆயத்தம் செய்தல் வேண்டும். இவற்றை உள்ளபடியே எழுதினால் விநாடிக்கு 370 மெகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும்; சில நிமிடங்களிலேயே காட் நிரம்பிவிடும். ஆதலின் கமரா படத்தைச் சுருக்கி எழுதுகின்றது. ‘ஹீரோ 4’ 4கே தெளிவில் எழுதுவது விநாடிக்கு 60 மெகாபிட், அதாவது ஏழரை மெகாபைட் அளவேயாகும். ஐம்பது பங்கு சரக்கு ஒரு பங்காகச் சுருங்கிவிடுகின்றது.

இச்சுருக்கத்தின் இயல்பை மருதமுனைத் தறியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். நெய்த சேலையை மடித்துக் கொடுப்பது ஒன்று. நெய்யும் முறையை ஒரு தாளிலே குறித்துக் கொடுப்பது மற்றொன்று. தாள் இலேசானது; ஆனால் அதனைப் பெற்றவர் தறியில் உட்கார்ந்து சேலையை நெய்தாக வேண்டும். கமரா கொடுப்பது அத்தகைய குறிப்பே. முழுப் படம் ஒன்றை எழுதி, அடுத்துவரும் படங்களுக்கு, “இந்தச் சதுரம் இவ்வளவு நகர்ந்தது; அந்தச் சதுரம் இவ்வாறு மாறியது” என்று மாற்றங்களை மட்டுமே அது குறித்துவைக்கின்றது. அக்குறிப்பைப் படித்துப் படத்தை நெய்து முடிக்கக் கணினிக்குக் கிடைக்கும் நேரம், ஒரு படத்திற்கு ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்குதான். அசையாத சுவரைப் படமெடுத்தால் மாற்றம் குறைவு. கடலோ கணந்தோறும் மாறுவது. நுரையும் திவலையும் ஈரமணலின் மினுக்கமும் படம் முழுவதையும் மாற்றிக்கொண்டே இருப்பதால், கடற்காட்சியே கணினிக்கு மிகக் கடினமான நெசவாகும்.

இக்குறிப்பு எழுதும் முறைகளிலும் தலைமுறைகள் உண்டு. 2003இல் வகுக்கப்பட்டது எச்.264 என்னும் முறை. 2013இல் வகுக்கப்பட்டது எச்.265 என்னும் முறை. ஹெவிக் என்றும் இதனைக் கூறுவர். பின்னது ஏறத்தாழ அரைவாசி இடத்தில் அதே தெளிவைத் தரவல்லது. ஆயினும் அதனை விரித்தெடுக்க அதிகக் கணிப்பு வேண்டும். இக்கணிப்புக்கென்றே தனிச் சுற்று ஒன்றை உடைய கணினி, வேலையைச் சிரமமின்றி முடிக்கும். அச்சுற்று இல்லாத கணினி தன் பொதுச் செயலியைக் கொண்டே எல்லாவற்றையும் செய்ய முயன்று களைத்துப்போகும். நெல்லை ஆலையில் குற்றுவதற்கும் உரலில் குற்றுவதற்கும் உள்ள வேறுபாடு இது. இன்டெல் நிறுவனத்தின் செயலிகளிலே, 2015இல் வந்த ஆறாம் தலைமுறை முதலாகத்தான் எச்.265 முறைக்குரிய முழுமையான தனிச் சுற்று அமைந்தது. 10 பிட் எனப்படும் நுண்ணிய வண்ணப் பதிவுக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். இன்றைய கைபேசிகள் பலவற்றில் இச்சுற்று இருப்பதனாலேயே, மேசைக் கணினி திணறும் பதிவைச் சட்டைப்பையிலுள்ள கைபேசி தங்குதடையின்றிக் காட்டிவிடுகின்றது.

நோயை அறிந்தபின் அறிகுறிகளைப் பகுத்தறிதல் எளிது. ஒலி ஒழுங்காக வந்து படம் மட்டும் தடுமாறினால், பதிவு நலமாகவே உள்ளது. கணினியின் வேகமே போதவில்லை. ஒலி மட்டும் வந்து திரை இருண்டிருந்தால், குறித்த முறையைப் படிக்கும் மென்பொருள் கணினியில் இல்லை என்பது பொருள். கோப்பே திறக்க மறுத்தால், பதிவு முடியுமுன் கமராவின் மின்கலம் தீர்ந்து, கோப்பின் அட்டவணை எழுதப்படாமற் போயிருக்கலாம். அந்நிலையிலும் காட்டை அழித்தல் கூடாது. அதனை மீண்டும் கமராவிலேயே செருகினால், கோப்ரோ கமராக்கள் அக்கோப்பைத் தாமே சீர்செய்ய முயல்வதுண்டு.

இனிப் பரிகாரங்களை ஒழுங்காக நோக்கலாம். முதலாவது, காட்டிலிருந்து நேரே ஓடவிடாமல், கோப்பைக் கணினியின் வன்தட்டிற்குப் பிரதி செய்துகொள்ளல். பழைய காட் வாசிப்பான்களின் மந்தகதியினால் நேரும் தடங்கல் இதனால் நீங்கும். இரண்டாவது, ஓடிக்கொண்டிருக்கும் பிற மென்பொருள்களை மூடிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி. இயக்கியைப் பயன்படுத்தல். பாரிஸ் நகரின் பொறியியற் கல்லூரி மாணவர் தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்த இவ்வியக்கி, இரு முறைகளையும் படிக்கும் ஆற்றலைத் தன்னகத்தே கொண்டது. இருண்ட திரைக்கு இதுவே மருந்து. இதன் அமைப்புப் பகுதியில், தனிச் சுற்றைப் பயன்படுத்துமாறு பணிக்கும் தெரிவு ஒன்றுண்டு. அதனை இயக்கிப் பார்த்தல் வேண்டும். எச்.264 படங்களிலே சதுரங்களின் ஓரத்தை மெழுகும் வேலையைத் தவிர்க்கும் தெரிவும் உண்டு. அதனால் படத்தின் அழகு சற்றுக் குறையும், ஓட்டம் சீராகும்.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாதது. கோப்ரோ கமரா பெரும்பாலான பதிவுகளுக்கு, பெரிய கோப்போடு கூடவே சிறிய பிரதியொன்றையும் காட்டில் எழுதிவைக்கின்றது. எல்.ஆர்.வி. என்னும் எழுத்துகளில் முடியும் கோப்பு அதுவே. இன்னதென்று தெரியாமல் பலர் அதனைக் குப்பையென்று நீக்கிவிடுகின்றனர். அதனை வேறிடத்திற் பிரதி செய்து, பெயரின் ஈற்றை எம்.பி.4 என்று மாற்றினால், மிகப் பழைய கணினியிலும் ஓடும். என்ன பதிந்திருக்கின்றது, எப்பகுதி வேண்டும் என்று பார்த்துத் தெரிய இதுவே போதும்.

நான்காவது, பெரிய கோப்பிலிருந்து ஹாண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளால், 1080 அல்லது 720 கோட்டுத் தெளிவில் எச்.264 பிரதியொன்றைச் செய்துகொள்ளல். இதற்குப் பொறுமை வேண்டும். பத்து நிமிடப் பதிவில் 18,000 படங்கள் உள்ளன. பழைய கணினி விநாடிக்கு ஐந்து படம் வீதம் மாற்றினால் ஒரு மணி நேரம் செல்லும். இரவில் வேலையைக் கொடுத்துவிட்டு உறங்கினால் காலையில் பிரதி ஆயத்தமாக இருக்கும்.

ஐந்தாவது, வருமுன் காத்தல். 1,366க்கு 768 புள்ளி கொண்ட பழைய மடிக்கணினித் திரையில் 4கே படத்தை இட்டால், எட்டுப் புள்ளிக்கு ஒரு புள்ளியே கண்ணிற்படும். எஞ்சிய ஏழும் கணினியின் முதுகை வளைத்துவிட்டு வீணாகின்றன. வீட்டுக் கொண்டாட்டங்களுக்குக் கமராவை 1080 தெளிவிலும், விநாடிக்கு 30 படத்திலும், இயலுமாயின் எச்.264 முறையிலும் அமைத்துக்கொண்டால் இத்துன்பம் எழவே எழாது.

பணம் செலவிட எண்ணுவோர் எதற்குச் செலவிடுகின்றோம் என்று தெளிதல் நன்று. 2022இல் டொலரின் விலை மூன்று மாதத்திற்குள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை உயர்ந்ததை இந்நாட்டுக் குடும்பங்கள் மறந்திரா. கணினி வாங்குதல் விளையாட்டன்று. வேகமான புதிய தட்டைப் பொருத்தினால் கணினி விரைவில் விழித்தெழும். ஆனால் இந்நோய்க்கு அது மருந்தாகாது. ஏனெனில் விநாடிக்கு ஏழரை மெகாபைட்டைப் பழைய தட்டே எளிதில் வாசித்துவிடும். நினைவகத்தைக் கூட்டுவதும் பெரும்பாலும் அவ்வாறே. குறைபாடு நெய்வதிலேயே உள்ளது. நூல் வந்து சேர்வதில் அன்று. பாவித்த கணினி வாங்குவோர், இன்டெல் ஏழாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ எனக் கேட்டு வாங்கினால் இத்தொல்லை பெரிதும் நீங்கும்.

இத்தனை நுணுக்கமும் வெறும் பொழுதுபோக்குக்காகவா என்று வினவலாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இக்கரையிலே ஆழிப்பேரலை ஆடிய கோரத்தாண்டவத்தில், உயிர்களோடும் உடைமைகளோடும் வீடுகளிலிருந்த நிழற்படங்களும் போயின. அதற்கு முந்திய கரை எவ்வாறிருந்தது என்று இளையோருக்குக் காட்ட இன்று எத்தனை வீடுகளிற் படம் உண்டு? பின்னர் ஒலுவிலில் துறைமுகம் அமைந்து 2013இல் திறக்கப்பட்டது. அதன் வடபால் கடல் கரையை அரித்துச் சென்றதனை ஒலுவில், நிந்தவூர் மக்கள் நேரிற் கண்டனர். மாதந்தோறும் ஒரே இடத்தில் நின்று எடுத்த பதிவுகள் இருக்குமாயின், தென்னைக்கும் கடலுக்கும் இடையிலிருந்த தூரம் எவ்வாறு குறைந்தது என்று எவருக்கும் காட்டலாம். வாய்ச்சொல்லை மறுப்பவரும் படத்தை எளிதில் மறுக்க இயலாது. அத்தகைய பதிவுக்கு மட்டும் 4கே தெளிவு தக்கதே. அதில் நிறுத்தி எடுக்கும் ஒவ்வொரு படமும் எண்பது இலட்சத்திற்கு மேற்பட்ட புள்ளிகள் கொண்ட நிழற்படமாகும்.

ஆகவே, பார்ப்பதற்குச் சிறிய பிரதி. காப்பதற்கு மூலக்கோப்பு என்னும் விதியை நெஞ்சிற் கொள்ளல் வேண்டும். சிறியதைச் செய்துவிட்டோம் என்று பெரியதை அழித்தால், இழந்த நுணுக்கம் எந்த வித்தையாலும் திரும்பாது. நீண்ட பதிவைக் கமராக்கள் பல 4 கிகாபைட் அளவுள்ள துண்டுகளாகப் பிரித்து எழுதும். 60 மெகாபிட் வேகத்தில் ஒரு துண்டு ஏறத்தாழ ஒன்பது நிமிடமாகும். ஒத்த பெயருடைய அத்துண்டுகளைப் பிரதிகள் என்று மயங்கி நீக்குதல் ஆகாது. உப்புக்காற்று வீசும் ஊர்களில் ஒரு தட்டை மட்டும் நம்பியிருத்தலும் தகாது. மூலக்கோப்புகளை இரு தட்டுகளில் எழுதி, ஒன்றைக் கரையிலிருந்து தள்ளியுள்ள உறவினர் வீட்டில் வைத்தல் நலம்.

இன்று தடுமாறும் படம் நாளை வேறொரு கணினியில் தெளிவாக ஓடும். ஆனால் இன்று அழித்த படம் எக்கணினியிலும் ஓடாது. பழைய கணினி மெதுவாக நெய்கின்றது என்பதற்காக, நெசவுக் குறிப்பையே கிழித்தெறிவார் உண்டோ? கரையும் கடலும் மாறிக்கொண்டே இருக்கும் ஊர்களிலே வாழ்வோர், அம்மாற்றத்தின் சாட்சியைச் சற்றுப் பொறுமையோடு காத்துவைத்தல், பின்வரும் தலைமுறைக்குச் செய்யும் பெருங்கொடையாகும்.