காலங்கடந்த முறையீடும் கடன்தாரர் உரிமையும்

கடன் பெற்றவர் நோயுற்றாலோ, விபத்துக்குள்ளானாலோ, வேலையை இழந்தாலோ அவருடைய மாதத் தவணையைக் காப்பீட்டு நிறுவனம் சில காலம் செலுத்தும். தவணைப் பாதுகாப்புக் காப்பீட்டின் நோக்கம் இதுவே. நோக்கம் நல்லதாயினும், பிரிட்டனில் அது விற்கப்பட்ட முறை பழுதுடையதாக இருந்தது. காப்பீடு எடுத்தால்தான் கடன் கிடைக்கும் என்று பலரிடம் கூறப்பட்டது. வேலையிழப்புப் பயனைப் பெற இயலாத சுயதொழில் செய்வோருக்கும் ஓய்வு பெற்றோருக்கும் அது விற்கப்பட்டது. பல கடன்களில் முழுப் பிரீமியமும் தொடக்கத்திலேயே அசலுடன் சேர்க்கப்பட்டு, அதற்கும் வட்டி வாங்கப்பட்டது. தம் பெயரில் காப்பீடு இருப்பதையே அறியாதோரும் உண்டு.

அறியாதவர் உரிய காலத்தில் எவ்வாறு முறையிட இயலும்? பிரிட்டனின் விதிகள் இதற்கு விடை கூறுகின்றன. விற்பனை நடந்த நாளிலிருந்து 6 ஆண்டுகள், அல்லது குறையை அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை முறையிடலாம். முதலில் நிறுவனத்திடம் எழுத வேண்டும். 8 வாரங்களில் இறுதிப் பதில் வராவிடினும், வந்த பதில் ஏற்புடையதாக இல்லாவிடினும், கட்டணமின்றி நிதித்துறைக் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

2010-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட முறையீட்டு விதிகளை எதிர்த்து வங்கிகளின் சங்கம் தொடுத்த வழக்கை, 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிரீமியத்தில் 71.8 சதவீதம் கமிஷனாகச் சென்றதைக் கடன்தாரரிடம் மறைத்தது நியாயமற்றது என 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. முறையீடு ஏற்கப்பட்டவர்களுக்குப் பிரீமியமும் அதன்மீது வாங்கிய வட்டியும், பொதுவாக ஆண்டுக்கு 8 சதவீதத் தனிவட்டியும் கிடைத்தன. 2011 முதல் திருப்பித் தரப்பட்ட தொகை 3,830 கோடி பவுண்டுக்கும் அதிகம்.

எனினும் முழுத் தொகையும் பாதிக்கப்பட்டோர் கைக்குச் செல்லவில்லை. தாமே கடிதம் எழுதத் தயங்கியோர் இடைத்தரகு நிறுவனங்களை நாடிக் கணிசமான பங்கை இழந்தனர். தரகுக் கட்டணத்திற்கு 20 சதவீத உச்சவரம்பு 2018-ஆம் ஆண்டுதான் வந்தது. முறையீட்டுக்கான இறுதி நாளாக 2019 ஆகஸ்டு 29 அறிவிக்கப்பட்டது. அதன்பின் விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டுமே முறையீடு ஏற்கப்பட்டது.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வழக்கிற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளை வரம்பாகக் கொள்கிறது. தக்க காரணம் காட்டினால் தாமதம் பொறுக்கப்படும். ஆகவே, கடன் ஒப்பந்தத்துடன் காப்பீட்டுப் பத்திரத்தையும் பிரீமிய விவரத்தையும் கடன்தாரர் கேட்டுப் பெற்றுப் பாதுகாத்தல் இன்றியமையாதது. அவற்றைக் கேளாமலே அளிப்பது வங்கியின் கடமை. அளிக்கப்பட்டதா எனக் கண்காணிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.