இயந்திரம் யார் கையில்? கோவை கண்காட்சியில் பார்த்ததும் கேட்டதும்

(கீரமங்கலத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



விடியுறதுக்கு முன்னாடியே நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு பூக்கொல்லைக்குப் போய், எடுத்த பூவை கமிஷன் கடையில போட்டுட்டு, வீட்டு வேலையையும் முடிச்சிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறோம்.

கடந்த ஜூலையில் கோவை கொடிசியா வளாகத்தில் நடந்த 'அக்ரி இன்டெக்ஸ்' பன்னாட்டு வேளாண் கண்காட்சிக்கு நம் கூட்டமைப்பிலிருந்து நான்கு பேர் போய் வந்தோம். போகும்போது நீங்கள் இரண்டு கேள்விகளைக் கொடுத்து அனுப்பினீர்கள். ஒன்று, "ரோபோ வந்துட்டா எங்க பூ எடுக்குற கூலி போயிடுமா?" இரண்டு, "குழுவுக்கு ட்ரோன் வாங்கக் கடன் போடலாமா?" இந்த இரண்டுக்கும்தான் பதில் கொண்டு வந்திருக்கிறோம்.

முதலில் ரோபோ என்றால் என்ன என்று பார்ப்போம். சினிமாவில் வருகிற மாதிரி மனுச உருவத்தில்தான் இருக்கும் என்பதில்லை. சுற்றி என்ன இருக்கிறது என்று தானே உணர்ந்து, சொல்லிக்கொடுத்த வேலையைத் தானே செய்கிற இயந்திரம்தான் ரோபோ. செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-ல் எழுதிய ஒரு நாடகத்தில்தான் இந்தச் சொல் முதலில் வந்தது. அவர்கள் மொழியில் அதன் வேர்ச்சொல்லுக்குக் கட்டாய உழைப்பு என்று பொருள். நம்ம பாட்டன் காலத்தில் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்த 'வெட்டி வேலை' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1961-ல் அமெரிக்காவில் கார் தொழிற்சாலையில் முதல் ரோபோ வேலைக்கு வந்தது. ஜப்பானின் டோக்கியோவில் 1973-லிருந்து ரோபோவுக்கென்றே பன்னாட்டுக் கண்காட்சி நடக்கிறது. நம் சென்னையிலும் 2019 ஜூலையில் ரோபோ ஆராய்ச்சியாளர்களின் பன்னாட்டு மாநாடு நடந்தது. அந்த அறிவு இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்கும் வந்துகொண்டிருக்கிறது. அதைத்தான் கோவையில் பார்த்தோம்.

இனி முதல் கேள்வி. மல்லிகை மொட்டு எடுக்கிற இயந்திரம் இருக்கிறதா என்று ஸ்டால் ஸ்டாலாகக் கேட்டோம். எங்கேயும் இல்லை. நம்மோடு வந்த ஒரு அக்கா அதுக்கான காரணத்தை அழகாகச் சொன்னார்: "நாளைக்கு விரியப்போற மொட்டையும் நாளான்னிக்கு விரியப்போற மொட்டையும் இருட்டுல கை தொட்டுப் பாத்தே பிரிக்குமே, அதை மெஷினுக்கு யார் சொல்லிக்கொடுப்பா?" வெளிநாடுகளில் ஸ்ட்ராபெரி, குடைமிளகாய் பறிக்க ரோபோக்களைச் செய்து பார்க்கிறார்கள். அங்கேயும் இலைக்குப் பின்னால் மறைந்திருக்கிற காயைக் கண்டுபிடிப்பதும் நசுக்காமல் எடுப்பதும்தான் பெரிய சவால். ஆகவே நாளைக்கே நம் கூலி போய்விடும் என்று பயப்பட வேண்டாம். அதற்காக எந்தக் காலத்திலும் வராது என்று மெத்தனமாகவும் இருக்க வேண்டாம்.

தென்னை விஷயம் வேறு. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டதை மறக்க முடியுமா? அதற்குப் பிறகு வைத்த கன்றுகள் உயர உயர, மரம் ஏற ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிடும். அமிர்தா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் 'அமரன்' என்று ஒரு ரோபோ செய்திருக்கிறார்கள். மரத்தைச் சுற்றி வளையம்போல மாட்டிவிட்டால் மேலே ஏறும். கீழே நின்றபடியே அதன் கையை இயக்கிக் குலையை வெட்டலாம். வேகத்தில் அது மரம் ஏறுகிறவரை மிஞ்சவில்லை. ஆனால் கை நழுவி ஒரு உயிர் போகாது. இதுதான் முக்கியம்.

ஒரு இயந்திரத்தை நல்லது, கெட்டது என்று எப்படிப் பிரிப்பது? அது நம் கூலியை எடுக்கிறதா, நம் உயிரைக் காக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு உதாரணம் சொல்கிறோம். மலக்குழியில் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படி இறந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருந்தும் சாவு நிற்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழுவினர் 'ஹோமோசெப்' என்ற கருவியைச் செய்தார்கள். தொட்டிக்குள் இறுகிக் கிடக்கும் கசடை அதன் சுழலும் கத்திகள் கலக்கிவிடும். பிறகு குழாய் வைத்து உறிஞ்சிவிடலாம், மனிதர் உள்ளே இறங்க வேண்டியதில்லை. 2022-ல் முதல் இரண்டு கருவிகளை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் தலைமையில் இயங்கும் சுய உதவிக் குழுக்களிடம். சஃபாய் கரம்சாரி அந்தோலன் இதற்குத் துணை நின்றது. உயிரைக் காக்கும் இயந்திரம், அதுவும் பெண்கள் கையில்! இதைச் சொன்னபோது நம்மோடு வந்தவர்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இப்போது இரண்டாவது கேள்வி, ட்ரோன். 2023 நவம்பரில் மத்திய அரசு 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2023-24 முதல் 2025-26 வரை 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் என்று திட்டமிட்டார்கள். விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். மீதிக்குக் கடன். குழுவில் ஒருவருக்கு 15 நாள் பயிற்சி. நம் மாவட்டத்தில் இப்போது என்ன வாய்ப்பு இருக்கிறது என்பதை மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். மானியம் என்றதும் கை தூக்கிவிடாதீர்கள். கணக்கைப் பார்ப்போம்.

ஒரு ஸ்டாலில் விளக்கம் கேட்கப் போனோம். அங்கிருந்த தம்பி, "வீட்டு ஆம்பளைங்க யாரும் வரலையா மேடம்?" என்றார். நம் குழுத் தலைவி அக்கா கோபப்படவில்லை. "கடன்ல கையெழுத்துப் போடப்போறது நாங்கதான் தம்பி, எங்ககிட்டயே சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் விளக்கினார். பத்து லிட்டர் தொட்டி, ஒரு ஏக்கருக்குப் பத்து நிமிடத்துக்குள் மருந்து அடிக்கும். ஆனால் ஒரு பேட்டரி அதற்குமேல் அதிக நேரம் தாங்காது. நாள் முழுக்க ஓட்டப் பல ஜோடி பேட்டரி வேண்டும், அதைக் கொண்டுபோக வண்டியும் வேண்டும்.

நம்ம ஊர் நிலைமை என்ன? பூக்கொல்லை எல்லாம் சின்னச் சின்னத் துண்டு. வரப்பில் தென்னை, நடுவில் கரண்டு கம்பி. அங்கே பறக்கவிடுவது சிரமம். அறந்தாங்கி, பேராவூரணிப் பக்கத்து நெல் வயல்தான் அதற்குத் தோது. இன்னொன்று, மருந்து காற்றில் பறந்து பக்கத்துக் கொல்லையில் பூ எடுக்கிறவர் மேல் படும். தோளில் மெஷினைச் சுமந்து அடிக்கிறவர் மூச்சில் விஷம் போவதை ட்ரோன் குறைக்கும். ஆனால் விஷம் விஷம்தான். அடித்த மறுநாளே வெறுங்கையோடு மொட்டு எடுக்கும் நம் பெண்களுக்கு அது பாதுகாப்பு ஆகாது.

ஒரு பழைய பாடமும் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு கண்காட்சியில் மயங்கி, நாமே ஒரு குழுவுக்குப் பாக்குமட்டைத் தட்டு மெஷின் வாங்கிக் கொடுத்தோம். நாலாவது மாதம் அச்சு பழுதானது. விற்றவர் போனை எடுக்கவில்லை. மெஷின் துருப்பிடித்தது, தவணை மட்டும் நிற்கவில்லை. ஆடு விற்றுக் கடன் கட்டிய அக்கா இதோ முன் வரிசையில் இருக்கிறார். அதில் எங்கள் தவறுதான் பெரிது. படித்தவர்கள் நாங்கள், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

ஆகவே எந்த இயந்திரமானாலும் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்:

1. பழுதானால் யார் சரிசெய்வார், எத்தனை நாளில்? உதிரி பாகம் எங்கே கிடைக்கும்?
2. நம்மில் யார் இயக்குவார்? அவர் திருமணமாகிப் போனால் அடுத்து யார்?
3. வருடத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும்? வேலை இல்லாத மாதத்தில் தவணை எப்படிக் கட்டுவது?
4. இதனால் நம்மில் யாருக்காவது கூலி போகுமா? போனால் அவருக்கு என்ன வழி?
5. ரசீது, உத்தரவாதச் சீட்டு, காப்பீடு எல்லாம் குழுவின் பெயரில் இருக்கிறதா?

எங்கள் ஆலோசனை இதுதான். இப்போது கடன் போட வேண்டாம். பத்தாவது முடித்த நம் பெண்களில் இரண்டு பேரை ட்ரோன் ஓட்டும் பயிற்சிக்கு அனுப்புவோம். ஒரு போகம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்போம். வரவு செலவை வாரக் கூட்டத்தில் எழுதுவோம். கணக்கு கட்டுப்படியானால் அடுத்த வருடம் நாமே தைரியமாகக் கடன் கேட்போம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தலைவி அக்கா சொன்னார்: "சேமிப்புக் கணக்கு எழுதத் தெரியாமத்தான் ஆரம்பிச்சோம். இப்ப பேங்க் மேனேஜரே நம்ம லெட்ஜரப் பாத்து அசந்து போறாரு. இதுவும் பழகிடும். ஆனா சாவி நம்ம கையில இருக்கணும்."

இதற்கு மேல் நாங்கள் சொல்ல எதுவுமில்லை. உங்கள் குழுக்களில் பேசி, அடுத்த மாதக் கூட்டத்துக்கு முடிவோடு வாருங்கள்.