நோயாளியிடமே கேளுங்கள்



வைத்தியரிடம் ஒருவர் வருகிறார். அவர் வைத்தியரின் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கேட்ட கேள்விக்கு உடனே விடை கூறுவதில்லை. விரல்களை ஓயாது அசைத்துக்கொண்டிருக்கிறார். "இவருக்கு என்ன செய்கிறது?" என்று வைத்தியர் உடன்வந்த தாயாரைக் கேட்கிறார். வந்தவரோ முப்பது வயது நிரம்பியவர். எங்கே நோகிறதென்பதை அவரைவிட நன்கறிந்தவர் எவருமிலர்.

ஓட்டிசம் உடையோர் பலர் இவ்வாறே நடத்தப்படுகின்றனர். ஓட்டிசம் தொற்றுநோயன்று, மூளை வளரும் விதத்தில் அமைந்த வேறுபாடு. முகத்தைப் பாராமை அவமதிப்பன்று. பார்த்துக்கொண்டே கேட்பது அவர்களுட் பலருக்குக் கடினம். மௌனம் அறியாமையன்று; விடையை ஒழுங்குபடுத்த அவர்களுக்கு அவகாசம் வேண்டும்.

இது மரியாதை பற்றிய விடயம் மட்டுமன்று; உயிர் பற்றியதுமாகும். இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டு, பிரிஸ்டல் நகர வைத்தியசாலையொன்றில் ஒலிவர் மக்கோவன் என்னும் 18 வயது இளைஞன் இறந்தான். ஓட்டிசமும் வலிப்பும் உடையவன் அவன். மனநோய்க்கு வழங்கும் ஒருவகை மருந்துகள் தனக்கு வேண்டாமென அவனும் கூறினான், பெற்றோரும் கூறினர். ஆயினும் அவ்வகை மருந்தொன்று கொடுக்கப்பட்டது. கடும் பக்கவிளைவுக்கு உள்ளான அவன் மீளவில்லை. தாயார் அயராது போராடினார். 2022 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, அந்நாட்டுச் சுகாதார ஊழியர்கள் ஓட்டிசம் பற்றியும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு பற்றியும் பயிற்சி பெறவேண்டுமென விதித்தது. அவன் பெயர் தாங்கிய பயிற்சியில் ஓட்டிசமுடையோரும் கற்பிக்கின்றனர்.

செய்யவேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. முதலில் நோயாளியிடமே பேசுங்கள். ஒரு வேளையில் ஒரு கேள்வி கேட்டு, விடைக்குக் காத்திருங்கள். "இரத்தத்தைக் கொஞ்சம் பார்ப்போம்" என்னாது, "கையில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பேன், சிறிது நோகும்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தொடுமுன் அறிவியுங்கள். பேச இயலாதவர் எழுதிக் காட்டட்டும். அல்லது நோகுமிடத்தைச் சுட்டிக் காட்டட்டும். இரைச்சலும் கூசும் விளக்கொளியும் இல்லாத மூலையொன்றில் அவரை அமர்த்துங்கள்.

வீட்டாருக்கும் ஒரு கடமையுண்டு. ஒவ்வாத மருந்துகள் எவை, அஞ்சுவன எவை, வலி வந்தால் அதை எப்படி வெளிப்படுத்துவார் என்பனவற்றை அவருடன் கூடியிருந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது அத்தாள் அவர் கையிலேயே இருக்கட்டும். அதை வாங்கும் வைத்தியர், வாசித்து முடித்த பின்னரே மருந்துச் சீட்டை எழுதுவாராக.